உயிர்வாயுக் குழி வெட்டுமுன்

1990இலும் அதன் பின்னரும் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து புத்தளம் மாவட்டத்துக்கு வந்த கமக்காரக் குடும்பங்களுக்கு, விறகும் காசு கொடுத்து வாங்கும் பொருளாயிற்று. ஊரில் சொந்த வளவில் பொறுக்கிய மட்டையில் உலை வைத்தவர்கள் அவர்கள். உடப்பு, கடலுக்கும் முந்தல் களப்புக்கும் இடைப்பட்ட மணல் நிலம். களப்போரக் கண்டலை வெட்டினால் மீன்குஞ்சுக்கும் இறாலுக்கும் ஒதுங்க இடமில்லாமற் போகும். 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற நாட்களில், "சாணத்தில் காஸ் எடுக்கலாமாமே?" என்று பலர் எம்மிடம் கேட்டனர்.

எடுக்கலாம். காற்றுப் புகாத தொட்டியில் சாணக் கரைசலை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது உண்டாகும் வாயுவில் பாதிக்கு மேல் மெதேன், அதுவே எரிகிறது. ஆனால் கணக்கை முதலில் பார்ப்போம்.

ஒரு கிலோ பச்சைச் சாணம் ஏறக்குறைய 40 லீற்றர் வாயு தரும். ஐந்து பேர் உள்ள வீட்டில் சமைக்க நாளொன்றுக்கு 1,200 லீற்றர் அளவில் தேவை. அதாவது 30 கிலோ சாணம். கட்டி வளர்க்கும் மாடு நாளுக்குப் பத்துக் கிலோ வரை போடும். மேயவிட்ட மாடென்றால் இரவில் பட்டியில் விழுவது மட்டுமே கைக்கு வரும், அது பாதிதான். ஆகவே ஆறு மாடாவது வேண்டும். இடம்பெயர்ந்த குடும்பத்திடம் ஆறு மாடு ஏது? வீட்டுக்கொரு குழி என்ற பேச்சை விட்டு, ஒரு மாட்டுப்பட்டியை அண்டிச் சில வீடுகள் சேர்வதே நடைமுறை.

சாணத்தின் அளவுக்குத் தண்ணீரும் வேண்டும். உவர்க்கிணற்று நீர் நுண்ணுயிரை மந்தப்படுத்தும். அரிசி கழுவிய நீர், மாட்டுச் சலம் ஆகியவற்றைச் சேர்க்கலாம். சவர்க்கார நீர் கூடாது.

வயலூர்களுக்கு அருகில் இருப்போருக்கு இன்னொரு வழியுண்டு. ஏக்கலையிலுள்ள தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம், வைக்கோலுக்கென உலர்முறைத் தொட்டியை உருவாக்கியது. வைக்கோலை ஒருமுறை நிரப்பிச் சாணம் சேர்த்து மூடிவிட்டால் சில மாதங்களுக்கு வாயு வரும். எங்கள் பக்கத்துத் தென்னம் பொச்சும் சிரட்டையும் இதற்கு உதவா. அவை எளிதில் அழுகுவதில்லை. நேரே அடுப்பில் எரிப்பதே நல்லது.

காணி விடயந்தான் எம்மை அதிகம் யோசிக்க வைக்கிறது. சீமெந்துக் குழியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஒரு குடியிருப்பில் வீடுதோறும் கட்டிக் கொடுத்த குழிகளில், மாடுகளை விற்றபின் மழைநீர் தேங்கி நுளம்பு பெருகியதைக் கண்டோம். பிறர் காணியில் கட்டுவதானால், எத்தனை வருடத்துக்கு, ஊர் திரும்பினால் குழி யாருக்கு என்பதை எழுதிக்கொள்ளுங்கள். காணிக்காரருக்கும் இதில் லாபமுண்டு. வாயு போனபின் வெளிவரும் கரைசலில் நைதரசன் பெரும்பாலும் அப்படியே இருக்கும். வெங்காயம், மிளகாய்ப் பாத்திகளுக்கு நல்ல பசளை. வாடகைக்குப் பதிலாக அதைக் கொடுக்கலாம்.

குழி நிரம்பியதும் முதலில் வரும் வாயுவைக் கொளுத்தாமல் வெளியே விட்டுவிடுங்கள். காற்றுக் கலந்திருப்பதால் அது வெடிக்கக்கூடும். குழாய்ப் பூட்டுகளில் சவர்க்கார நுரை பூசி, குமிழ் வருகிறதா என்று பாருங்கள். துப்புரவாக்கவென்று குழிக்குள் ஒருவரும் இறங்க வேண்டாம், உள்ளே மூச்சடைக்கும்.