பன்னிரண்டாவது மெட்டு

பத்தாம் வகுப்பில் பெருக்குத் தொடர்வரிசை நடத்தும்போது நாம் வழக்கமாகச் சொல்லும் எடுத்துக்காட்டுகள் இரண்டு மூன்றுதான்: கூட்டு வட்டி, பாக்டீரியாப் பெருக்கம், சதுரங்கப் பலகையில் வைத்த நெல்மணி. மூன்றுமே பெருகிக்கொண்டே போகிறவை. பொது விகிதம் ஒன்றைவிடக் குறைவாக இருந்தால் என்ன ஆகும்? அதைக் கையில் தொட்டுக் காட்ட ஒரு பொருள் தேடினேன். கிட்டாரின் கழுத்தில் அது இருந்தது.

கிட்டாரை உற்றுப் பாருங்கள். குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகள் தலைப்பக்கம் அகலமாகவும், உடல் பக்கம் போகப் போக நெருக்கமாகவும் இருக்கும். வீணையிலும் அப்படித்தான். நம் வீணைக் கலைஞர்கள் அதை மெட்டு என்கிறார்கள். தந்தி தொடங்கும் இடம் மேரு. மறுமுனையில் தந்தியைத் தாங்குவது குதிரை. இந்தப் பெயர்களையே வகுப்பிலும் பயன்படுத்தினேன்.

தந்தியின் நீளம் பாதியானால் அதிர்வெண் இரட்டிப்பாகும். அந்த இடைவெளிக்குள் 12 சுரத்தானங்கள் சம விகிதத்தில் அமைய வேண்டுமென்றால், ஒவ்வொரு படியிலும் அதிர்வெண்ணை 2-இன் பன்னிரண்டாம் படி மூலத்தால், அதாவது 1.05946-ஆல் பெருக்க வேண்டும். நீளம் அதே அளவுக்குக் குறையும். பொது விகிதம் 0.94387. செய்முறை எளிது. மீதமுள்ள நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் அடுத்த மெட்டு எவ்வளவு தள்ளி வரும் என்று கிடைத்துவிடும். பன்னிரண்டு முறை செய்தால் சரியாகத் தந்தியின் நடுவில் வந்து நிற்க வேண்டும்.

இதற்கு ஒரு வரலாறும் உண்டு. விண்ணைத் தொலைநோக்கியால் பார்த்த கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலி ஓர் இசைக்கலைஞர். 1581-இல் வெளியான தம் நூலில் 18:17 என்ற விகிதத்தை அவர் பரிந்துரைத்தார். அதாவது 17.817-க்குப் பதிலாக 18-ஆல் வகுப்பது. 600 மி.மீ. தந்திக்கு அவர் முறையில் பன்னிரண்டாவது மெட்டு 300-இல் வராமல் ஏறத்தாழ 297.8-இல் வரும். இதை மாணவர்களைக் கொண்டே கணக்கிடச் செய்யலாம்.

எங்கள் பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் பலர் கீழக்குயில்குடி, சமணர் மலை அடிவாரத்தைச் சேர்ந்தவர்கள். அங்கே முன்னாள் மாணவர் ஒருவர் சிறிய மேசை லேசர் வெட்டும் இயந்திரம் வைத்துப் பெயர்ப்பலகையும் சாவிக்கொத்தும் செய்கிறார். ஒற்றைத் தந்திக் கிட்டாருக்கு மெட்டுப் பலகை வெட்டித் தர முடியுமா என்று கேட்டேன். "கொடுங்க சார், வெட்டிடலாம்" என்றார். இயந்திரத்தின் மேசை 40 செ.மீ. சதுரம்தான். ஆனால் 12 மெட்டுகளும் 30 செ.மீ.க்குள் அடங்கிவிடுவதால் அதுவே போதும்.

திட்டம் இதுதான். 3 மி.மீ. ஒட்டுப்பலகையில் 12 காடிகள். ஒவ்வொரு காடியிலும் 2 மி.மீ. தடிமனுள்ள சைக்கிள் ஸ்போக் துண்டு. பலகையை ஒரு மரச்சட்டத்தில் ஒட்டி, முனையில் பழைய பிஸ்கட் தகரப் பெட்டியைப் பொருத்த வேண்டும். பெட்டிதான் ஒலியைப் பெருக்கும். இங்கே இன்னொரு கணக்கும் வருகிறது. லேசர் வெட்டும்போது கோட்டின் இருபுறமும் சேர்த்துச் சுமார் 0.2 மி.மீ. மரம் எரிந்து போகும். ஆகவே 2 மி.மீ. காடி வேண்டுமென்றால் படத்தில் 1.8 என்றுதான் வரைய வேண்டும். காடியை ஓரம் வரை இழுத்தால் பலகை துண்டு துண்டாகிவிடும். இருபக்கமும் சிறிது விட வேண்டும்.

அன்று பாடவேளை முடிய ஐந்து நிமிடமே இருந்தது. கணிப்பானில் வந்த விடைகளை மாணவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். "தசமமெல்லாம் வேண்டாம், முழு எண்ணை மட்டும் எழுதுங்கள்" என்றேன். 33, 31, 30, 28 என்று இடைவெளிகள் வரிசையாக வந்தன. அப்படியே வரைந்து அனுப்பினோம்.

பலகை அழகாக வந்தது. தந்தி கட்டினோம். வகுப்பே சுற்றி நின்றது. கடைசி வரிசையில் உட்காரும் ஒரு மாணவன் பன்னிரண்டாவது மெட்டை அழுத்தி மீட்டிவிட்டு, "சார், இது சேரல. கொஞ்சம் கீழ நிக்குது" என்றான். கணிதத்தில் தேர்ச்சி பெறாதவர் பட்டியலில் என்னிடம் எப்போதும் இருக்கும் பெயர் அவனுடையது. "முதல்ல வாய்ப்பாட்டைப் படி, அப்புறம் சுருதி பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மாலையில் மனம் கேட்கவில்லை. அளவுகோலை எடுத்து அளந்தேன். மேருவிலிருந்து பன்னிரண்டாவது மெட்டு 300-இல் இல்லை, 294-இல் இருந்தது. பன்னிரண்டு இடங்களில் நான் உதறச் சொன்ன தசமங்கள் சேர்ந்து 6 மி.மீ. ஆகியிருந்தன. சுருதியில் அது ஒரு சுரத்தானத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு. இயந்திரத்தின் மேல் குற்றமில்லை. 294 என்று கொடுத்தோம். அது 294-ஐத்தான் வெட்டியது.

மறுநாள் வகுப்பில் அனைவர் முன்னிலையிலும் தவறு என்னுடையது என்று சொன்னேன். அவனிடம், "எப்படிடா கண்டுபிடிச்ச?" என்று கேட்டேன். "மாமாவோட மேளத்துக்குப் போவேன் சார். நாயனம் சேரலைன்னா தெரிஞ்சிரும்" என்றான். தந்தியின் நடுவில் விரலை லேசாகத் தொட்டு மீட்டி அந்த ஒலியைக் காட்டினான். பிறகு மெட்டை அழுத்தி இதைக் காட்டினான். வித்தியாசம் எல்லோர் காதுக்கும் கேட்டது. இரண்டாவது பலகைக்கான அட்டவணையை அவனே போட்டான், தசமத்தோடு. ஒவ்வொரு அளவையும் முந்தைய மெட்டிலிருந்து எடுக்காமல் மேருவிலிருந்தே எடுத்தோம். அப்போது ஓரிடத்துப் பிழை அடுத்த இடத்துக்குத் தொற்றாது.

600 மி.மீ. தந்திக்கு, மேருவிலிருந்து தொலைவு (மி.மீ.): 33.7, 65.5, 95.5, 123.8, 150.5, 175.7, 199.5, 222.0, 243.2, 263.3, 282.2, 300.0.

செய்ய விரும்பும் ஆசிரியர்கள் சில எச்சரிக்கைகளைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். லேசர் ஒளி, பட்டுத் தெறித்தாலும் கண்ணைக் கெடுக்கும். அந்த அலைநீளத்துக்குரிய பாதுகாப்புக் கண்ணாடி அணிந்த பெரியவர்கள் மட்டுமே அறையில் இருக்க வேண்டும். எங்கள் பிள்ளைகளை உள்ளே விடவில்லை. கைபேசியில் எடுத்த காணொலியைத்தான் காட்டினேன். இயந்திரம் ஓடும்போது விட்டு நகரக் கூடாது, மரம் தீப்பற்றலாம். புகை வெளியேற வழி வேண்டும். பி.வி.சி. பொருள்களை ஒருபோதும் வெட்டக் கூடாது. அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் குளோரைடு நச்சு வாயு.

இயந்திரம் இல்லாத பள்ளிகள் கவலைப்பட வேண்டாம். ஒரு மரச்சட்டம், ஒரு தந்தி, தகரப் பெட்டி, அட்டவணைப்படி ஒட்டிய மெல்லிய மூங்கில் குச்சிகள் போதும். தஞ்சாவூரில் பலா மரத்தில் வீணை செய்பவர்கள் 24 மெட்டுகளையும் மெழுகில் பதித்து, காதால் கேட்டு ஒவ்வொன்றாக நகர்த்திச் சரிசெய்கிறார்கள். தமிழாசிரியரோடு சேர்ந்து நடத்தினால் யாழையும் பேசலாம். யாழில் சுரத்துக்கு ஒரு தந்தி. வீணையிலும் கிட்டாரிலும் ஒரே தந்தியில் பல சுரங்கள். விபுலானந்த அடிகளின் ‘யாழ் நூல்’ 1947-இல் வெளிவந்தது. அதில் இசையும் கணக்கும் சேர்ந்தே வருகின்றன.

ஒன்றை மட்டும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். கருவியைச் செய்து முடித்ததும் அளவுகோலை எடுக்கும் முன், வகுப்பில் காது கூர்மையான பிள்ளை யார் என்று கேட்டு, அவர் கையில் கொடுங்கள். எங்கள் வகுப்புச் சுவரில் இப்போது இரண்டு பலகைகளும் அருகருகே தொங்குகின்றன. 294 என்று எழுதிய பலகையைக் கழற்றிவிடலாமா என்று தலைமை ஆசிரியர் கேட்டார். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அடுத்த ஆண்டுப் பாடத்தை அதிலிருந்துதான் தொடங்கப் போகிறேன்.