ரவுட்டர் மிஷினுக்குப் பலகை கொடுக்கும் முன்...



விற்பனைக் கண்காட்சிக்குக் கழற்றி எடுத்துப் போகிற மாதிரி அலமாரி வேணும் என்று நம்ம தவளக்குப்பத்துக் குழு ஒன்று நினைப்பதாக வைத்துக்கொள்வோம். பல்கலைக்கழக வடிவமைப்புப் பட்டறைகளில் இருக்கும் சி.என்.சி. ரவுட்டர், கம்ப்யூட்டரில் போட்ட படத்தின்படி பலகையை வெட்டித் தரும். மகாராஷ்டிராவின் பாபல் கிராமத்தில் விஞ்ஞான் ஆசிரமம் 2002-லேயே 'ஃபேப் லேப்' எனும் இப்படிப்பட்ட பட்டறையைத் தொடங்கியது. கிராமத்துக்கு இது எட்டாத விஷயம் இல்லை.

நாம் கவனிக்க வேண்டியவை:

1. பலகையின் கனத்தை நாமே அளப்போம். 18 மி.மீ. என்று வாங்கிய பிளைவுட் 17 மி.மீ. இருக்கலாம். படத்தில் 18 என்று போட்டால் பொருத்து ஆடும்.

2. பிட் சுழன்று வெட்டுவதால் உள்மூலை சதுரமாக வராது. 6 மி.மீ. பிட் என்றால் 3 மி.மீ. வளைவு நிற்கும், பலகை முழுசா உள்ளே இறங்காது. மூலையில் சிறு குழி சேர்த்து வரையச் சொல்லணும்.

3. ஆணி உள்ள பழைய பலகை கூடாது. பிட் உடைந்து தெறிக்கும்.

4. முதலில் துண்டுப் பலகையில் ஒரு பொருத்து வெட்டிப் பார்ப்போம். சரியா இருந்தால்தான் 8-க்கு 4 அடி முழுப் பலகை.

5. கட்டணம் மணிக்கணக்கா, பலகைக் கணக்கா, பிட் உடைந்தால் செலவு யாருடையது என்று முன்பே கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோம்.

வெட்டின பலகையை ஒட்ட முடியாது. அது நம்ம எல்லாருடைய சேமிப்புப் பணம். அடுத்த கூட்டத்தில் இதை வாசித்துப் பேசுங்க.