டி.என்.ஏ. பொருத்தத்தைக் குடும்ப மரத்தில் பதிவது எப்படி?



நம் பகுதியில் கடல் தாண்டாத குடும்பம் குறைவு. பினாங்கு, ரங்கூன், கொழும்பு, சைகோன் என்று நம் பாட்டன்மார் தொழிலுக்குப் போனார்கள். சிலர் திரும்பினார்கள். சிலர் அங்கேயே நிக்காஹ் செய்து தங்கிவிட்டார்கள். 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது ரங்கூனிலிருந்து கிளம்பியவர்களில் பலருடைய தொடர்பு அத்துடன் அறுந்துபோனது. இன்று வெளிநாட்டில் இருக்கும் பேரப்பிள்ளைகள் எச்சிலைக் குப்பியில் எடுத்து அனுப்பி டி.என்.ஏ. பரிசோதனை செய்துகொள்கிறார்கள். முடிவில் 'உங்களுக்கு உறவாக இருக்கலாம்' என்று நூற்றுக்கணக்கான பெயர்கள் வருகின்றன. இதைத்தான் பொருத்தம் என்கிறோம். அந்தப் பட்டியலை வாட்ஸ்அப்பில் வாப்பாவுக்கு அனுப்பி, "இவர் யார்?" என்று கேட்கிறார்கள்.

பட்டியலில் இருப்பதை அப்படியே நம்பவும் கூடாது, தள்ளிவிடவும் கூடாது. முறையாகப் பதிந்து வைக்க வேண்டும். அதற்கான சிறு பாடம் இது.

எண் சாட்சி, உறவு தீர்ப்பு

இரண்டு பேரிடம் ஒரே மாதிரி இருக்கும் டி.என்.ஏ.வின் அளவை சென்டிமார்கன் என்ற கணக்கில் சொல்வார்கள். பெற்றவருக்கும் பிள்ளைக்கும் இடையில் இது சுமார் 3,400 முதல் 3,500 வரை இருக்கும். உடன்பிறந்தவர்களுக்குச் சராசரியாக 2,600. தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் பொதுவான சகோதரர்களுக்குச் சுமார் 1,750. சாச்சா, மாமா, மாமி முறையினருக்கும் பாட்டன் பேரனுக்கும் அளவு ஏறக்குறைய அதேதான். நேர் சாச்சா மக்கள், மாமா மக்களுக்குச் சுமார் 870. அதற்கு அடுத்த தலைமுறை மக்களுக்குள் சுமார் 230, அதற்கும் அடுத்த தலைமுறைக்குச் சுமார் 70. இவை சராசரிதான். நேர் சாச்சா மக்களுக்குள்ளேயே 400-ம் வரலாம், 1,400-ம் வரலாம்.

கம்பெனி கையில் இருப்பது இந்த எண் ஒன்றுதான். அதற்கு அருகில் எழுதியிருக்கும் உறவுப் பெயர் ஓர் ஊகம். அந்த ஊகம், சொந்தத்துக்குள் திருமணம் செய்யாத குடும்பங்களை மனதில் வைத்துப் போட்ட கணக்கு. நம் குடும்பங்களுக்கு அது அப்படியே பொருந்தாது.

ஓர் உதாரணம்

ஒரு வீட்டு அண்ணனும் தங்கையும் இன்னொரு வீட்டு அக்காவையும் தம்பியையும் மணக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மஹர் தனித்தனியாகக் கொடுத்து முறைப்படி நடந்த இரண்டு நிக்காஹ்கள். பெண் கொடுத்துப் பெண் எடுப்பது நம் பக்கம் புதிதல்ல. அண்ணனுடைய மகள் லண்டனில் இருக்கிறாள், தங்கையுடைய மகன் கோலாலம்பூரில் இருக்கிறான். இருவரும் பரிசோதனை செய்கிறார்கள். பொருத்தம் 1,690 சென்டிமார்கன் என்று வருகிறது. கம்பெனி என்ன எழுதும்? 'பாதிச் சகோதரர், அல்லது மாமா, அல்லது பாட்டன்' என்று எழுதும்.

இதைப் படிக்கும் இளம்பெண்ணின் மனம் எங்கே போகும்? வாப்பாவின் மீதோ உம்மாவின் மீதோ சந்தேகம் வராதா? உண்மை எளிமையானது. இருவரும் வாப்பா வழியிலும் உறவு, உம்மா வழியிலும் உறவு. 870-ஐ இரண்டு முறை கூட்டினால் 1,740. வந்த எண் அதற்கு அருகில்தான் இருக்கிறது. இதைக் கம்பெனியால் சொல்ல முடியாது. குடும்ப மரத்தில் இரண்டு நிக்காஹ்களும் பதிவாகியிருந்தால் மட்டும் தெரியும்.

தூரத்து உறவிலும் இதே நிலைதான். தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள் கொடுத்து எடுத்த ஊரில், பழைய உறவுகளின் சிறு துண்டுகள் சேர்ந்து மொத்த எண்ணை ஏற்றிவிடும். அதனால் மொத்தத்தை மட்டும் பார்க்காமல் மிக நீளமான துண்டு எவ்வளவு என்றும் பாருங்கள். மொத்தம் 100 என்று இருவருக்கு வருகிறது. ஒருவரிடம் ஒரே துண்டு 45 இருக்கிறது. மற்றவரிடம் பத்துப் பத்தாக ஒன்பது, பத்துத் துண்டுகள். முன்னவர் பெரும்பாலும் கிட்டத்து உறவு. பின்னவருடன் பல வழிகளில் பழைய உறவு இருக்க வாய்ப்பு அதிகம்.

எங்கே பதிவது?

முன்பு ஷஜரா என்று தாளில் எழுதி வைத்தோம். இப்போது அதற்குக் கம்ப்யூட்டர் மென்பொருள் இருக்கிறது. கிராம்ப்ஸ் என்ற மென்பொருள் இலவசம். தமிழ் எழுத்திலேயே பெயர்களைப் பதியலாம். தரவு நம் கம்ப்யூட்டரிலேயே இருக்கும்.

கம்பெனியின் இணையக் கணக்கில்தான் எல்லாம் இருக்கிறதே, தனியாக ஏன் பதிய வேண்டும் என்று கேட்கலாம். 23 அண்ட் மீ என்ற அமெரிக்கக் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-ல் அதன் வாடிக்கையாளர்களில் சுமார் 69 லட்சம் பேருடைய விவரங்கள் திருடு போயின. 2025 மார்ச்சில் அது திவால் மனுத் தாக்கல் செய்தது. அடுத்தவர் வீட்டுப் பெட்டியில் நம் குடும்பக் கணக்கை விட்டு வைக்கக் கூடாது.

பதியும் முறை இது:

1. பொருத்தமாக வந்தவரை மரத்தில் தனி நபராகச் சேருங்கள். உறவு உறுதியாகும் வரை எந்தத் தாய் தந்தையோடும் இணைக்காதீர்கள்.

2. பரிசோதனை செய்த நம் வீட்டவரின் பக்கத்தைத் திறந்து 'அசோசியேஷன்' என்ற பகுதிக்குப் போங்கள். அங்கே அந்த நபரைத் தேர்ந்தெடுத்து, தொடர்பின் வகை 'டி.என்.ஏ.' என்று கொடுங்கள்.

3. அந்தத் தொடர்புக்குள் ஒரு குறிப்பு எழுதுங்கள். அதில் இருக்க வேண்டியவை: பார்த்த தேதி, கம்பெனியின் பெயர், பட்டியலில் உள்ளபடி அவர் பெயர், மொத்த சென்டிமார்கன், எத்தனை துண்டுகள், நீளமான துண்டின் அளவு, இருவருக்கும் பொதுவாகப் பொருந்தும் மற்றவர்கள். சில கம்பெனிகள் எந்த குரோமோசோமில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றும் தரும். கிடைத்தால் அதையும் சேருங்கள்.

4. நம் முடிவைத் தனிக் குறிப்பில் எழுதுங்கள். எந்த எந்த வழியில் உறவு, அதற்கு ஆதாரம் என்ன, இன்னும் என்ன சந்தேகம் என்று இருக்கட்டும். சாட்சியையும் தீர்ப்பையும் ஒரே வரியில் கலக்காதீர்கள். நாளை தீர்ப்பு மாறலாம்.

5. ஹயாத்தாக இருப்பவர்களின் பதிவுகளில் 'பிரைவேட்' என்ற பூட்டைப் போடுங்கள். மரத்தை மற்றவருக்கு அனுப்பும்போது பூட்டிய பதிவுகளை விட்டுவிட்டு அனுப்ப வசதி இருக்கிறது. மற்றவருடைய எண்ணைப் பதியும் முன் அவரிடம் அனுமதி கேளுங்கள்.

நம் பெயர்களிலும் கவனம் தேவை. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பதால் ஒரே வீட்டில் மூன்று முஹம்மது இப்ராஹிம்கள் இருப்பார்கள். தகப்பன் பெயர், வீட்டுப் பெயர், பிறந்த ஆண்டு மூன்றும் இல்லாமல் யாரையும் சேர்க்காதீர்கள்.

எதைத் தேடக் கூடாது?

நஸப், அதாவது வம்ச வழி, மார்க்கத்தில் பாதுகாக்கப்பட்ட விஷயம். மக்காவிலுள்ள ராபிதாவின் ஃபிக்ஹ் சபை 2002 ஜனவரியில் இதைப் பற்றி முடிவு சொல்லியிருக்கிறது. ஷரீஅத் முறைப்படி ஏற்கெனவே உறுதியான நஸபைச் சரிபார்க்க டி.என்.ஏ.வைப் பயன்படுத்தக் கூடாது, நஸபை மறுக்க அதை மட்டும் ஆதாரமாக்கக் கூடாது என்பது அதன் கருத்து. மருத்துவமனையில் மாறிப்போன குழந்தைகள், போரிலும் பேரிடரிலும் காணாமல் போனவர்கள் போன்ற நிலைகளில் பயன்படுத்தலாம் என்றும் அது சொல்கிறது. ஆகவே அறுந்துபோன உறவைச் சேர்க்கும் நோக்கம் வேறு, இருக்கும் உறவைத் துருவும் நோக்கம் வேறு.

பினாங்கிலிருந்து ஒரு பெண் 450 சென்டிமார்கனோடு வந்தால், நம் பாட்டனாருக்கு அங்கே இன்னொரு குடும்பம் இருந்திருக்கலாம். பாட்டன் ஒருவர், பாட்டி வேறு என்றால் பேரப்பிள்ளைகளுக்குள் சராசரி அதுதான். ஆனால் நேர் சாச்சா மக்களின் கீழ் எல்லையும், சொந்தத்துக்குள் திருமணத்தால் ஏறிய தூரத்து உறவும் அந்த எண்ணைத் தரக்கூடும். நிக்காஹ் நடந்ததா, சொத்தில் பங்கு உண்டா என்பதை எந்த எண்ணும் சொல்லாது. அங்குள்ள நிக்காஹ் தஃப்தர், கப்பல் பாஸ்போர்ட், பழைய கடிதங்கள் ஆகியவற்றைப் பார்த்து, ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டியது அது. அதுவரை 'உறவு உறுதியாகவில்லை' என்று மட்டும் எழுதுங்கள். வந்தவரிடம் முகம் கொடுத்துப் பேசுங்கள். உறவைத் தேடி வந்தவரைச் சொத்துக்கு வந்தவராகப் பார்த்து விரட்டுவது நமக்கு அழகல்ல.

டி.என்.ஏ.வில் தெரியாத உறவுகள்

பால்குடி உறவு எந்தப் பரிசோதனையிலும் வராது. ஆனால் நிக்காஹ் பேசும்போது அது தெரிந்தே ஆக வேண்டும். யார் யாருக்குப் பால் கொடுத்தார்கள் என்பதை அறிந்த மூதாட்டிகள் குறைந்து வருகிறார்கள். அதே 'அசோசியேஷன்' பகுதியில் வகையைப் 'பால்குடி' என்று எழுதி இதையும் பதியலாம். எடுத்து வளர்த்த பிள்ளையையும் அன்போடு சேருங்கள். அல் அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5-வது வசனம் காட்டும் வழியில், பெற்ற தந்தையின் பெயரை மறைக்காமல் எழுதுங்கள். மூன்றாம் தலைமுறை ஒன்றுவிட்ட உறவினரில் பத்தில் ஒருவருக்கு டி.என்.ஏ. பொருத்தமே வராது என்பதையும் நினைவில் வையுங்கள். பொருத்தம் இல்லை என்பதால் அவர் சொந்தம் இல்லை என்று ஆகாது.

இந்த மாதம் செய்ய வேண்டியது

பரிசோதனைக்குப் பணம் கட்டும் முன், வீட்டில் வயதில் மூத்தவரிடம் உட்காருங்கள். அவருடைய வாப்பா, உம்மா இருவரின் உடன்பிறந்தவர்கள் எல்லோரையும் கேளுங்கள். யாருக்கு யாரை நிக்காஹ் செய்தார்கள், யார் எந்த ஊருக்குக் கப்பல் ஏறினார்கள், யார் யாருக்குப் பால் கொடுத்தார்கள் என்று எழுதுங்கள். மையவாடியில் உள்ள மீஸான் கற்களையும் பள்ளிவாசல் நிக்காஹ் தஃப்தரையும் நிர்வாகத்தின் அனுமதியோடு பாருங்கள். இவ்வளவும் மரத்தில் ஏறிய பிறகு ஒரு பொருத்தம் வந்தால், அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று இன்ஷா அல்லாஹ் உங்களாலேயே சொல்ல முடியும்.

வஸ்ஸலாம்.
டிரஸ்ட் செயலாளர்