பழைய ஆட்டோமேட்டிக் கார்: கியர் ஆயில் மாத்தலாமா?

போன லீவுக்கு மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். அவரோட ஆட்டோமேட்டிக் கார் 1,60,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. கியர் ஆயிலை ஒருமுறைகூட மாற்றியதில்லை. "இவ்வளவு ஓடினப்புறம் மாத்தினா கியர் பாக்ஸே போயிடும்னு மெக்கானிக் சொன்னாருடா" என்றார். உண்மையா?

முதலில், இந்த ஆயிலின் வேலை உராய்வைக் குறைப்பது மட்டுமல்ல. டார்க் கன்வெர்ட்டரில் என்ஜினின் சக்தியைக் கடத்துவது, அழுத்தம் கொடுத்து கிளட்சுகளைப் பிடிக்க வைப்பது, சூட்டை வெளியேற்றுவது எல்லாம் இதுதான். வருஷக்கணக்கில் சூடானால் ஆயிலின் தன்மை கெடும். கிளட்ச் தூளும் அதில் சேரும்.

மெக்கானிக்கின் பயத்துக்கும் காரணம் இருக்கு. பலர் கியர் ஸ்லிப் ஆன பிறகுதான் ஆயில் மாற்ற வருகிறார்கள். தேய்ந்த கிளட்சைப் புது ஆயில் சரி செய்யாது. ஆனால் பழி ஆயில் மேல் விழும். மெஷின் வைத்து ஃபிளஷ் செய்தால், படிந்த அழுக்கு கிளம்பி வால்வு பாடியின் சின்ன வழிகளை அடைக்கவும் வாய்ப்புண்டு.

அதனால் பழைய வண்டிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவதே நல்லது. ட்ரெயின் போல்ட்டைத் திறந்தாலும் டார்க் கன்வெர்ட்டரில் நிறைய ஆயில் தங்கிவிடும். மொத்தம் 7 லிட்டரில் 3 லிட்டர் வெளியே வருதுன்னு வைங்க. புதுசு ஊற்றியபின் மிச்சமிருக்கும் பழசு 4/7, அதாவது 57%. சில நாள் ஓட்டி, நன்றாகக் கலந்தபின் மறுபடி செய்தால் 33%. மூன்றாவது முறை 19%. நம்ம கணக்கு வாத்தியார் சொன்ன பெருக்குத் தொடர்தான்!

செய்யும்போது கவனிக்க:

1. வண்டியின் மேனுவலில் சொன்ன ஆயில் மட்டுமே. சிவிடி வண்டிக்கு வேறு ஆயில்.
2. ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று முதலில் பாருங்க. அது திறக்காமல் ஆயிலை இறக்கிவிட்டால் வண்டி அங்கேயே நிற்கும்.
3. ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீங்க, ஸ்டாண்ட் வைங்க.
4. வெளியே வந்ததை அளந்து, அதே அளவு ஊற்றுங்க. பிறகு மேனுவல் சொல்லும் சூட்டில் லெவல் பாருங்க.
5. காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருப்பது சகஜம். உலோகத் துண்டு இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது.

மாமா வண்டியில் ஸ்லிப் இல்லை. அதனால் துணிந்தோம். இறங்கிய ஆயில் கறுப்பு, காந்தத்தில் வெறும் பசை. முதல் சுற்று முடிந்தது, வண்டி நன்றாக ஓடுது. இன்னும் இரண்டு சுற்று பாக்கி.

உங்க வீட்டு வண்டி ஏற்கெனவே ஸ்லிப் ஆனால், ஆயில் வாங்கும் முன் கியர் பாக்ஸைச் சோதிக்கச் சொல்லுங்க.