மலைப்பாதையும் மரத்துப்போகும் கைகளும்

மஞ்சூருக்கு அருகே காய்கறி பயிரிடும் ஒருவர் சென்ற ஆண்டு தம் மனைவியுடன் நம் மருத்துவமனைக்கு வந்தார். இடக்கை மரத்துப்போகிறது என்பதே அவருடைய குறை. இடக்கை என்றதும் வீட்டில் அனைவரும் இதயத்தை நினைத்து அஞ்சிவிட்டனர். "மாரடைப்புக்கு இதுதானுங்களே முதல் அறிகுறின்னு சொல்றாங்க?" என்று மனைவி கேட்டார். அவர்கள் அஞ்சியது தவறன்று. இதயத்தை முதலில் பரிசோதித்ததும் சரியே. இ.சி.ஜி. உள்ளிட்ட பரிசோதனைகளில் குறை ஒன்றும் தென்படாததால் என்னிடம் அனுப்பப்பட்டார்.

எந்தெந்த விரல்கள் என்று கேட்டேன். கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி. சுண்டுவிரலுக்கு ஒன்றுமில்லை. நள்ளிரவில் விழிப்பு வரும். கையை உதறினால் தணியும். பகலில் எப்போது அதிகம் என்றதற்கு, "வண்டியில கீழ இறங்கறப்பங்க" என்றார். அவர் வந்த மோட்டார் சைக்கிள் வெளியே கொட்டகையில் நின்றது. நாங்கள் மூவரும் அங்கே சென்றோம். வழக்கமாக எப்படி அமர்வாரோ அப்படியே அமர்ந்து கிளட்சைப் பிடிக்கச் சொன்னேன். கிளட்ச் லீவர் மிக உயரத்தில், ஏறக்குறையத் தரைக்கு இணையாக முன்னோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடிக்க ஒவ்வொரு முறையும் அவர் மணிக்கட்டைப் பின்னோக்கி மடக்க வேண்டியிருந்தது.

மஞ்சூரிலிருந்து கெத்தை, முள்ளி, வெள்ளியங்காடு வழியாகக் காரமடைக்கு இறங்கும் சாலையை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். அதில் 43 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவிலும் கிளட்ச், கியர், பிரேக், மீண்டும் கிளட்ச். வளைவுகளுக்கு இடையேயும் கை ஓய்வதில்லை. நானும் ஒருமுறை அந்தச் சாலையில் மோட்டார் சைக்கிளில் இறங்கியிருக்கிறேன். பாதி வழியில் வளைவுகளை எண்ணுவதை விட்டுவிட்டு, விரல்கள் பத்தும் இருக்கின்றனவா என்று எண்ணத் தொடங்கிவிட்டேன்.

மணிக்கட்டின் உட்புறத்தில் எலும்புகளும் ஒரு தடித்த தசைநாரும் சேர்ந்து குறுகிய சுரங்கம் போன்ற ஒரு வழியை அமைத்துள்ளன. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு செல்கின்றன. மணிக்கட்டு மடங்கிய நிலையிலேயே நெடுநேரம் இருந்தால் உள்ளே அழுத்தம் கூடி நரம்பு நசுங்குகிறது. அந்த நரம்பு உணர்வு தரும் விரல்கள் எவையோ அவையே மரத்துப்போகும். சுண்டுவிரலும் அதனை ஒட்டிய பாதி மோதிர விரலும் மரத்தால் அது வேறொரு நரம்பு. உள்ளங்கையின் அடிப்பகுதியைக் கைப்பிடியில் ஊன்றி உடல் எடையைச் சாய்ப்பவர்களுக்கு அது நேரும். ஆகவே மருத்துவரிடம் வருமுன் எந்த விரல்கள் என்று கவனித்துக் குறித்துக்கொண்டு வாருங்கள். பாதி நோயறிதல் அதிலேயே முடிந்துவிடும்.

இதை வெறும் அசௌகரியம் என்று தள்ளிவிட முடியாது. மரத்த விரல்களுக்குப் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியாது. வளைவின் மறுபுறம் தேயிலை ஏற்றிய லாரி ஒன்று ஏறி வரும்போது அது தெரிந்தே ஆக வேண்டும்.

இதற்கான முதல் சிகிச்சைக்கு ஒரு ஸ்பேனர் போதும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, தோள்களைத் தளர்த்தி, முழங்கைகளைச் சற்று மடக்கி அமருங்கள். விரல்களை நீட்டி லீவரின்மேல் வையுங்கள். முன்கை, புறங்கை, விரல்கள் மூன்றும் ஒரே கோட்டில் அமைய வேண்டும். புறங்கை மேல்நோக்கி மடங்கினால் லீவரைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்திச் சற்றுக் கீழே திருப்ப வேண்டும். முன் பிரேக் லீவருக்கும் இதே கணக்குத்தான். ஆனால் டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் எண்ணெய்க் கிண்ணம் அதனோடு சேர்ந்து சாயும் என்பதால் அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். திருகை இறுக்கிய பின் கைப்பிடியை இருபுறமும் முழுமையாகத் திருப்பிப் பாருங்கள். கேபிள் எங்கேனும் இழுபட்டால் கொண்டை ஊசி வளைவில் அது தன் வேலையைக் காட்டிவிடும். கிளட்ச் கேபிளுக்கு எண்ணெய் விட்டு எவ்வளவு நாளாயிற்று என்றும் மெக்கானிக்கைக் கேளுங்கள். காய்ந்த கேபிளை ஒரு நாளில் பல நூறு முறை இழுப்பது, நாள் முழுதும் துணி பிழிவதற்குச் சமம்.

அதிர்வு என்பது இன்னொரு பகை. எஞ்சினைச் சட்டத்தோடு பிணைக்கும் திருகுகள் தளர்ந்திருந்தாலும், சங்கிலி தொய்ந்திருந்தாலும் அதிர்வும் உலுக்கலும் கூடும். தடித்த ரப்பர் உறை ஓரளவு உதவும்; ஆனால் கை சிறியதாக உள்ளவர்கள் மிகத் தடித்ததை வாங்கினால் இறுக்கிப் பிடித்தே தசை களைத்துவிடும். பொதுவாகவே நம்மவர்கள் கைப்பிடியைத் தேவைக்குமேல் இறுக்கிப் பிடிக்கிறார்கள்.

இறங்கும்போது உடல் எடை முழுவதும் முன்னோக்கிச் சரிந்து கைகளில் வந்து நிற்கிறது. அதை முழங்கால்களுக்கு மாற்றுங்கள்: இரு முழங்கால்களாலும் டேங்கை மெல்லப் பற்றிக்கொண்டால் கைகள் விடுதலை பெறும். இரண்டாம் அல்லது முதல் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தட்டும். எரிபொருளை மிச்சப்படுத்தக் கிளட்சைப் பிடித்தபடியோ எஞ்சினை அணைத்தோ உருட்டிக்கொண்டு இறங்கும் வழக்கம் மலையில் இன்றும் உண்டு. அது பிரேக்கைச் சூடாக்கிச் செயலிழக்கச் செய்யும், கையையும் கெடுக்கும்.

இடுப்புக்கு வருவோம். அமர்ந்திருக்கும் நிலையில் நம் முதுகெலும்பு நொடிக்கு 4 முதல் 8 வரையிலான அதிர்வுகளுக்கு மிகுதியாகக் குலுங்கும் இயல்புடையது. மேடுபள்ளமான சாலையில் ஓடும் வாகனம் பெரும்பாலும் அந்த அளவிலேயே உலுக்குகிறது. எனவே பின்புற ஷாக் அப்சார்பர்தான் உங்கள் முதுகின் முதல் மருத்துவர். பெரும்பாலான சாதாரண வண்டிகளில் சுருள்வில்லின் அடியில் படிப்படியான வெட்டுகள் கொண்ட ஒரு வளையம் இருக்கும். ஒருவர் மட்டும் செல்லும்போது தளர்வான படியிலும், பின்னால் ஒருவரோ மூட்டையோ இருக்கும்போது இறுக்கமான படியிலும் அதை வைக்க வேண்டும். வண்டி வாங்கிய நாளிலிருந்து அந்த வளையத்தைத் தொடாதவர்களே பலர். இருவர் ஏறியதும் வில் முழுதும் அமுங்கிவிட, ஒவ்வொரு பள்ளமும் நேரே முதுகில் இறங்குகிறது. சுகமாக இருக்கும் என்று டயரில் காற்றைக் குறைப்பவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வளைவில் டயர் நெளியும்.

இருக்கை விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. மெத்தென்றிருப்பதே நல்லது என்று நினைத்து மேலே தலையணை போல ஒன்றைக் கட்டுகிறார்கள். மிக மென்மையான பஞ்சு அரை மணியில் அமுங்கித் தகட்டோடு ஒட்டிவிடும். பிறகு நாம் அமர்வது தகட்டின்மேல்தான். சற்றே உறுதியான, அகலமான நுரைப்பஞ்சு எடையைப் பரப்பித் தாங்கும். சீட் தைக்கும் கடையில் உறையை மட்டும் மாற்றாமல் உள்ளே உள்ள பஞ்சையும் பார்க்கச் சொல்லுங்கள். இருக்கை முன்புறம் சரிந்திருந்தால் இறக்கத்தில் உடல் டேங்கின்மேல் வழுக்கி மோதும். அதனால் ஆண்களுக்கு மறைவிடத்தில் மரத்துப்போதல் ஏற்படலாம். இதைச் சொல்லக் கூச்சப்பட்டே பலர் மாதக்கணக்கில் மறைக்கிறார்கள். மருத்துவரிடம் கூச்சம் வேண்டாம். பின்பாக்கெட்டில் இருக்கும் பருத்த பர்ஸை எடுத்துவிடுங்கள். ஒருபுறமாக இடுப்பைச் சாய்த்துக் காலுக்குச் செல்லும் நரம்பை அது அழுத்துகிறது. இடுப்புப் பட்டையைப் பயணத்தின்போது அணியலாம். வீட்டிலும் நாள் முழுதும் அணிய வேண்டாம்.

45 நிமிடங்களுக்கு ஒருமுறை இறங்கி நடங்கள் என்று எல்லா ஊரிலும் சொல்வோம். மஞ்சூர்ச் சாலைக்கு அந்த அறிவுரையை அப்படியே தர எனக்குத் துணிவில்லை. அது யானைகள் நடமாடும் காடு. இடுப்பை நிமிர்த்த வண்டியை நிறுத்தும் இடம் யானையின் வழித்தடமாக இருக்கக்கூடும். சோதனைச் சாவடியிலும், கெத்தை, வெள்ளியங்காடு போன்ற மனிதர் புழங்கும் இடங்களிலும் மட்டுமே நிறுத்துங்கள். மாலைக்கு முன் காட்டைக் கடந்துவிடும்படி புறப்படுங்கள். மருத்துவரைப் பார்க்கும் நேரத்தையும் அதற்கேற்ப முற்பகலில் கேட்டுப் பெறலாம். வழியில் கழிப்பறை இல்லை என்பதற்காகத் தண்ணீரே குடிக்காமல் வருவதையும் காண்கிறேன், குறிப்பாகப் பெண்கள். சிறுநீரகக் கல்லும் சிறுநீர்த் தொற்றும் உள்ளவர்களுக்கு இது தீங்கு.

6,000 அடிக்கு மேல் குளிரில் புறப்பட்டுச் சமவெளியின் வெயிலில் வந்து இறங்குவதால் ஒரே தடித்த ஸ்வெட்டரைவிட, கழற்றக்கூடிய இரண்டு மூன்று மெல்லிய அடுக்குகள் மேல். மேலுறை காற்றையும் மழையையும் தடுக்க வேண்டும். சட்டைக்குள் செய்தித்தாளை மடித்து வைக்கும் பழைய வழக்கத்தை நான் கேலி செய்யமாட்டேன். அது காற்றை நன்றாகவே தடுக்கிறது. நனைந்த கையுறை கையுறையே இல்லாததைவிட மோசம். மாற்று ஒன்று பையில் இருக்கட்டும். இதய நோயாளிகளுக்குக் குளிர்காற்றே நெஞ்சுவலியைத் தூண்டலாம். மாத்திரைகளையும் கவனியுங்கள். சளிக்கும் அரிப்புக்கும் தரும் சில மருந்துகளும், நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலின் போன்றவையும் தூக்கத்தை வரவழைக்கும். அவற்றைத் தொடங்கிய நாள்களில் வண்டி ஓட்டக்கூடாது.

அன்று கொட்டகையில் இவற்றையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அந்த அம்மையார் குறுக்கிட்டார். "முன்னாடி உக்கார்றவருக்கே எல்லாம் சொல்றீங்க. பின்னாடி உக்கார்றவங்களுக்கு?"

நியாயமான கேள்வி. பின்னிருக்கை பின்சக்கரத்தை ஒட்டி இருப்பதால் பள்ளத்தின் அடி அங்கேதான் கடுமையாக விழுகிறது. ஓட்டுபவர் பள்ளத்தை முன்கூட்டியே கண்டு உடலைத் தயார்ப்படுத்திக்கொள்கிறார். பின்னால் இருப்பவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. எலும்பு மெலிந்த முதிய பெண்களுக்கு அப்படி ஒரே ஓர் உலுக்கலில் முதுகெலும்பு நசுங்கி முறிவதுண்டு. அன்று முதல் நடுமுதுகில் தீராத வலி. வீட்டாரோ வாயு என்று கசாயம் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். வண்டிப் பயணத்துக்குப் பின் முதியவருக்குத் திடீரென முதுகுவலி வந்தால் எக்ஸ்ரே எடுக்காமல் விடாதீர்கள். சேலை அணிந்து ஒருபுறமாக அமரும்போது இடுப்பு முறுகுகிறது. இயன்றவர்கள் சுடிதார் அணிந்து இருபுறமும் கால் போட்டு அமர்வது முதுகுக்கும் நல்லது, வளைவுகளில் வண்டியின் சமநிலைக்கும் நல்லது. கைப்பிடி, காலூன்றி, ஆடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியையேனும் மறைக்கும் காப்பு ஆகியவை 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதிப்படி கட்டாயம். அழகுக்காகக் கழற்றியிருந்தால் மீண்டும் பொருத்துங்கள். தலைக்கவசம் இருவருக்கும்.

சில நோயாளிகளை எவ்வளவு வசதியான வண்டியிலும் அழைத்துச் செல்லலாகாது. டயாலிசிஸ் முடிந்தவுடன் இரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரலாம். மயங்குபவர் பின்னிருக்கையிலிருந்து விழுவதை ஓட்டுபவரால் தடுக்க முடியாது. இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்தவர்கள், வயிற்றில் அறுவை செய்து தையல் ஆறாதவர்கள், கண் அறுவை முடிந்த அன்று வீடு திரும்புபவர்கள், வலிப்பு கட்டுக்குள் வராதவர்கள் ஆகியோரும் அப்படியே. பேருந்துக்குக் காத்திருப்பது கடினம், வாடகைக் கார் செலவு அதிகம் என்பதை அறிந்தே சொல்கிறேன். அறுவைத் தேதியை முடிவு செய்யும்போதே திரும்பும் பயணத்தைப் பற்றியும் எங்களிடம் பேசுங்கள். ஓரிரவு தங்கிச் செல்ல ஏற்பாடு செய்வது பல நேரங்களில் இயலும்.

முதுகுவலியோடு கால் வலுவிழத்தல், தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் உணர்வு குறைதல், சிறுநீர் வெளியேறுவது தெரியாமை ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரவேண்டும். அதற்கு லீவரும் இருக்கையும் காரணமா என்று ஆராய நேரமில்லை.

அந்தக் காய்கறி விவசாயிக்கு நரம்பு மின்பரிசோதனையில் மணிக்கட்டு நரம்பு அழுத்தம் உறுதியானது. அதோடு இரத்தப் பரிசோதனையில் தைராய்டு சுரப்புக் குறைவும் தெரியவந்தது. அந்த நரம்பை நெருக்குவதில் அதற்கும் பங்குண்டு. நீரிழிவுக்கும் கர்ப்ப காலத்துக்கும் இது பொருந்தும். வண்டியைச் சரிசெய்தும் ஓரிரு வாரங்களில் மரத்துப்போதல் குறையாவிட்டால் பரிசோதனைக்கு வாருங்கள் என்று சொல்வது இதனால்தான். அவருக்குத் தைராய்டு மாத்திரையும், இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையும் தந்தோம். லீவரை அவரே அன்று கொட்டகையில் திருப்பிக்கொண்டார். மூன்று மாதம் கழித்து வந்தபோது இரவில் கையை உதறுவது நின்றிருந்தது. பின்னிருக்கைக்குப் புதுப் பஞ்சு வைத்திருந்ததை அவர் மனைவி எனக்குக் காட்டினார்.

உங்களுக்கும் இத்தகைய தொல்லை இருந்து, வண்டியிலேயே வர முடிந்தால், சாவியைக் கையில் வைத்திருங்கள். கொட்டகை வரை சேர்ந்து நடந்து போய்ப் பார்ப்போம்.