மாரியில் சுண்டிக்குளம் போகிறவர்களுக்கு

கார்த்திகை பிறந்துவிட்டது. பெரும்போக வயல்களில் பயிர் நிற்பதால் பளை, இயக்கச்சிப் பக்கத்து மாடுகள் இப்போது தரவையிலும் பற்றைக்காட்டிலும்தான் மேய்கின்றன. சுண்டிக்குளம் களப்பில் நீர் ஏறி, வலசைப் பறவைகளும் வந்திறங்கும் காலம். 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2015இல் தேசிய பூங்காவான இந்தப் பகுதியில் நடக்க வருகிறவர்கள் இவற்றைக் கட்டாயம் கடைப்பிடியுங்கள்.

மாட்டுத்தடத்தை நம்பி இறங்காதீர்கள்
இப்பக்கத்து முகமாலையும் ஆனையிறவும் ஆண்டுக்கணக்கில் போர் முன்னரங்காக இருந்தவை. மாடு போன வழி மனிதருக்குப் பாதுகாப்பான வழி என்று எண்ண வேண்டாம். வெள்ளம் மண்ணை அரிக்கும்போது புதைந்திருக்கும் வெடிபொருள் மேலே வரும், இடமும் மாறும். ஆட்கள் நாளாந்தம் பாவிக்கும் பாதையை விட்டு விலகாதீர்கள். மண்டையோட்டுப் பலகைக்கு அப்பால் ஓரடியும் வைக்காதீர்கள். சந்தேகமான பொருளைத் தொடாமல், வந்த வழியே திரும்பிப் பொலிசாருக்கு 119இல் அறிவியுங்கள்.

கன்றோடு நிற்கும் பசு
கட்டாக்காலி மாடுகளுக்கு ஆள் பழக்கம் குறைவு. உங்களைக் கண்டால் பசு மேய்ச்சலை நிறுத்தித் தலையைத் தூக்கும். இரண்டு காதும் உங்கள் பக்கம் விறைத்து நிற்கும். காலடியில் நின்ற உண்ணிக்கொக்குகள் எழுந்து பறக்கும். அப்போது அந்த இடத்திலேயே நில்லுங்கள். மூச்சைச் சீறித் தலையைத் தாழ்த்தினால், முதுகு காட்டாமல் மெதுவாகப் பின்வாங்கிச் சுற்றிப் போங்கள். பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே புகாதீர்கள். நாயைக் கூட்டிவர வேண்டாம். நாயைத் துரத்தும் மாடு உங்களையும் முட்டும்.

காலும் தோலும்
- மழை விட்ட பொழுதுகளில் கண்ணாடிப் புடையன் பாம்பு பாதையோரம் கிடக்கும். முழுக்காற்சட்டையும் சப்பாத்தும் போடுங்கள். கடித்தால் கீறவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.
- புல்லில் குந்தியிருக்காதீர்கள். வீடு திரும்பியதும் குளித்து, உடுப்பைத் தோய்த்துவிடுங்கள். சில கிழமைக்குள் காய்ச்சல் வந்தால், அல்லது சிகரெட்டால் சுட்டது போன்ற கறுப்புப் புண் தெரிந்தால், காட்டுக்குப் போனதை வைத்தியரிடம் சொல்லுங்கள். அது உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். உரிய மருந்தை நேரத்தோடு தொடங்கினால் சுகமாகும்.
- காலில் காயத்தோடு தேங்கிய நீரில் இறங்காதீர்கள். 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் பரவிய எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்தது.

பறவைகளை எழுப்பாதீர்கள்
பூநாரைகள் ஆழங்குறைந்த நீரில் தலைகீழாக அலகை வைத்து வடித்துத் தின்னும். கிட்டப் போனாலோ ட்ரோன் பறக்கவிட்டாலோ கூட்டம் முழுதும் எழும்பி, இரையை விட்டுப் போய்விடும். கரையில் நின்றே பாருங்கள். பொலித்தீனைத் திருப்பிக் கொண்டுபோங்கள். மாடு அதைத் தின்று வயிறு அடைத்துச் சாகும்.

பொழுதுபட முன் திரும்புங்கள்
மாரி இரவில் மாடுகள் ஏ9 வீதியின் காய்ந்த தாரில் வந்து படுக்கும். கறுத்த மாடு வெளிச்சத்தில் கிட்ட வந்த பிறகே தெரியும். பளைக்கும் ஆனையிறவுக்கும் இடையே வேகத்தைக் குறையுங்கள். மாட்டுக்காரர்களே, பொழுதுபட மாடுகளைப் பட்டிக்குள் அடையுங்கள். பட்டியில்லாதவர்கள் மாட்டின் கழுத்தில் ஒளி தெறிக்கும் வாராவது கட்டிவிடுங்கள். மாட்டின் உயிரையும் மோட்டார் சைக்கிளில் வருகிறவரின் உயிரையும் அது காக்கும்.