ரீடிங் எடுக்க ஆள் வந்தால்

திருநின்றவூரில் காலை ரயிலைப் பிடிக்கிற வீடுகள் பகலில் பூட்டித்தான் கிடக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்வாரிய ஊழியருக்காகச் சில ஏற்பாடுகள்:

1. மீட்டர் கேட்டுக்கு உள்ளே இருந்தால், கேட் சாவியை மட்டும் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். பூட்டியிருந்தால் முந்தைய பில்லை வைத்தே தொகை போட்டுவிடுவார்கள்.

2. அடையாள அட்டையை வாசலிலேயே கேளுங்கள். கையில் கருவி இருப்பதாலேயே ஒருவர் ஊழியராகிவிட மாட்டார்.

3. நாயைக் கட்டுங்கள். கடிக்காது என்பது உங்களுக்குத்தான் தெரியும்!

4. மீட்டர் ரீடிங்கைத் தேதி தெரியப் படமெடுங்கள். தாமதமாகக் கணக்கெடுத்து 500 யூனிட்டைத் தாண்டினால், கீழே உள்ள சில யூனிட்டுகளின் விலையும் ஏறிவிடும்; முறையிட ஆதாரம் வேண்டும்.

5. பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அவர் வேலை கணக்கெடுப்பது மட்டுமே. சந்தேகம் என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம்: 94987 94987.